பாதி வழியில் மாறும் தேர்வு

நெட்வொர்க்கிங் சான்றிதழுக்குத் தனியாகப் படிப்பவர்களில் பலர் ஒருமுறையாவது இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். நான்கைந்து மாதம் விடாமல் உட்கார்ந்ததில், முகவரிகளைச் சிறு சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கு கைக்கு வந்திருக்கும். ஒரே ஸ்விட்சைப் பல நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலான், ஸ்விட்சுகளுக்கு இடையே தரவு சுற்றிக்கொண்டே இருப்பதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ எல்லாம் தாண்டி, ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைத் தெரிந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை பாதி முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தேர்வு மாறப்போகிறது என்று அறிவிப்பு வரும். கையில் இருக்கும் புத்தகம் பழசாகிவிட்டதா, பார்த்து முடித்த வீடியோவெல்லாம் வீணா, பழைய தேர்வையே எழுதினால் அதற்கு மதிப்பு இருக்குமா என்று கேள்விமேல் கேள்வி எழும். வகுப்பில் சேர்ந்து படிப்பவருக்கு இதையெல்லாம் சலித்துச் சொல்ல ஓர் ஆசிரியர் இருப்பார். தனியாகப் படிப்பவருக்கு அவரேதான் ஆசிரியர்.

அப்போது பலர் எடுக்கும் முடிவு, புதுப் புத்தகம் வரட்டும், முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம் என்பது. அதைவிட இழப்பான முடிவு வேறு இல்லை என்றே நினைக்கிறேன். பாடத்திட்டத்தில் மாறிய பகுதியைப் படிக்கச் சில நாட்கள் போதும். நின்றுபோன படிப்பை மறுபடி தொடங்குவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. சிலர் திரும்பி வருவதே இல்லை.

மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். அதிகம் பேர் எழுதும் தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏவையே எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க் சாதனங்கள் விற்கும் சிஸ்கோ நிறுவனம் இதை 1998ல் அறிமுகப்படுத்தியது. 2007ல் 640-802, 2013ல் 200-120, 2016ல் 200-125, 2020ல் 200-301 என்று தேர்வு எண்கள் மாறி வந்திருக்கின்றன. 2024ல் எண் அப்படியே இருக்க, உள்ளடக்கம் மட்டும் 1.1 பதிப்பாக மாறியது. மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை பார்த்துக்கொண்டே எட்டு மாதம், ஒரு வருடம் என்று படிப்பவருக்கு நடுவில் ஒரு மாற்றம் குறுக்கிடுவது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

ஏன் மாற்றுகிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது நேர்மையானது: வேலை மாறுகிறது. களத்தில் இருக்கும் பொறியாளர்களிடம் கேட்டு, இந்த நிலையில் உள்ள ஒருவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று பட்டியலிட்டு, அதிலிருந்துதான் தேர்வுத் தலைப்புகளை எடுக்கிறார்கள். இரண்டாவது, கேள்விகள் வெளியே கசிகின்றன. ஒரு தேர்வு நீண்ட நாள் அப்படியே இருந்தால், படிக்காமலேயே விடைகளை மனப்பாடம் செய்து தேறுபவர்கள் பெருகிவிடுவார்கள். மூன்றாவது காரணம் வணிகம். தேர்வை நடத்தும் நிறுவனம் பொருளும் விற்கிறது என்றால் அந்தப் பொருளின் சாயல் பாடத்திட்டத்திலும் விழும். இந்த மூன்றாவது வகைதான் சீக்கிரம் காலாவதியாகிறது. 200-301ன் முதல் பதிப்பில் 'டிஎன்ஏ சென்டர்' என்ற சிஸ்கோவின் மேலாண்மைக் கருவி தனித் தலைப்பாகவே இருந்தது. 2023ல் சிஸ்கோ அந்தக் கருவிக்கு 'கேட்டலிஸ்ட் சென்டர்' என்று பெயர் மாற்றியது. 1.1 பதிப்பில் அந்தத் தலைப்பு இல்லை. அங்கே செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எல்லா மாற்றமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு 2020ஐப் பார்க்க வேண்டும். அதுவரை சிசிஎன்ஏ என்பது ஒரு குடும்பப் பெயர். ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங், செக்யூரிட்டி, வயர்லெஸ், டேட்டா சென்டர், கொலாபரேஷன் என்று அதற்குப் பல கிளைகள் இருந்தன. 2019 ஜூனில் சிஸ்கோ அறிவித்தது: 2020 பிப்ரவரி 24 முதல் இவையெல்லாம் ஒரே சிசிஎன்ஏ, ஒரே தேர்வு. எட்டு மாத அவகாசம் கிடைத்தது. இஐஜிஆர்பி என்ற ரூட்டிங் நெறிமுறை, நெட்வொர்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்து ஓட்டும் பல ஏரியா ஓஎஸ்பிஎஃப் போன்றவை போயின. வயர்லெஸ் கன்ட்ரோலர், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஏபிஐ, தரவை எழுதும் வடிவமான ஜேசன், தானியக்கம் எல்லாம் வந்தன. அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி எழுத முதலில் சிசிஎன்ஏ முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்போதே எடுத்துவிட்டார்கள்.

அந்த மாற்றத்தில் உண்மையிலேயே அடிபட்டவர்கள் ஒரு குறிப்பிட்ட பிரிவினர். பழைய முறையில் சிசிஎன்ஏவை ஒரே தேர்வாகவும் எழுதலாம், ஐசிஎன்டி1, ஐசிஎன்டி2 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். தனியாகப் படிப்பவர்களுக்கு இரண்டாகப் பிரிப்பது வசதி. சிறு சிறு கவளமாக உண்ணலாம், நடுவில் சிசிஇஎன்டி என்ற சிறு சான்றிதழும் கையில் கிடைக்கும். ஆனால் முதல் தேர்வில் தேறி, இரண்டாவதை 2020 பிப்ரவரி 23க்குள் முடிக்காதவர்களுக்கு அந்த முதல் தேர்வு புதிய சிசிஎன்ஏவுக்குப் பாதியாகக் கணக்கில் வரவில்லை. முழுத் தேர்வையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. மறுபுறம், பழைய சிசிஎன்ஏ எதையாவது முழுதாக முடித்திருந்தவர்களுக்கு அது அப்படியே புதிய சிசிஎன்ஏவாக மாறியது. எனவே பல தேர்வுகளைக் கோத்துப் பெறும் சான்றிதழ் என்றால் மாற்றத்தின் நடுவில் பாதியில் நிற்காதீர்கள். அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே தேறிய பகுதிக்குப் புதிய ஏற்பாட்டில் என்ன இடம் தருகிறார்கள் என்பதைத்தான். அதிகாரபூர்வப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கும். பலர் புதுத் தலைப்புகளைப் பார்த்துக் கலங்குவதிலேயே நின்று இந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

2024 மாற்றம் இதற்கு நேர் எதிர். ஆகஸ்ட் 20 முதல் 1.1 பதிப்பு. பப்பெட், ஷெஃப் என்ற இரண்டு தானியக்கக் கருவிகள் போய் டெராஃபார்ம் வந்தது, ஆன்சிபிள் தங்கியது. ஸ்பேனிங் ட்ரீயில் ரூட் கார்டு, லூப் கார்டு, பிபிடியு கார்டு போன்ற பாதுகாப்பு வசதிகள் சேர்ந்தன. கிளவுடிலிருந்து சாதனங்களை நிர்வகிப்பது சேர்ந்தது. மேலே சொன்ன செயற்கை நுண்ணறிவுத் தலைப்பும் சேர்ந்தது. பெரிய அளவில் அவ்வளவுதான். ஐந்து மாதம் படித்த ஒருவர் இதில் இழந்தது பப்பெட்டுக்கும் ஷெஃபுக்கும் செலவிட்ட இரண்டு மூன்று மணி நேரம். கூடுதலாகப் படிக்க வேண்டியது ஒரு வாரத்துக்கு மேல் போகாது. ஆனாலும் 'சிசிஎன்ஏ மாறிவிட்டது' என்ற செய்தி 2020ல் கிளப்பிய அதே பதற்றத்தை 2024லும் கிளப்பியது.

மாறும் விதத்திலும் வேறுபாடு உண்டு. 1.1 பதிப்புக்கு சிஸ்கோ ஒன்றின்மேல் ஒன்று படியும் காலம் தரவில்லை. ஆகஸ்ட் 19 வரை பழையது, 20 முதல் புதியது, கத்தி வைத்து வெட்டியதுபோல. சான்றிதழ் தேர்வுகள் நடத்தும் இன்னொரு அமைப்பான காம்ப்டியா அப்படிச் செய்வதில்லை. அதன் நெட்வொர்க் பிளஸ் தேர்வில் என்10-009 பதிப்பு 2024 ஜூனில் வந்தது, பழைய என்10-008 அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஓய்வு பெற்றது. ஏறக்குறைய ஆறு மாதம் இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை. இந்த வேறுபாட்டை அறியாமல், ஒரு நிறுவனத்தின் வழக்கத்தை வைத்து இன்னொன்றுக்குத் திட்டம் போட்டால் கடைசி நேரத்தில் சிக்கல்தான்.

சரி, மாற்றம் பெரியதா சிறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய, புதிய தேர்வுத் தலைப்புப் பட்டியல்கள் இரண்டையும் இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஒரு மாலைப் பொழுது போதும். இதைப் பிறர் செய்து தந்த சுருக்கத்தை வாசிப்பதைவிட நாமே செய்வது நல்லது, ஏனென்றால் நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதும் அப்போதே வெளிச்சமாகிவிடும்.

அந்தப் பட்டியலில் என் கண் முதலில் போவது வினைச்சொற்களுக்கு. ஒவ்வொரு வரியும் ஒரு வினையில் தொடங்கும்: விவரி, விளக்கு, ஒப்பிடு, அடையாளம் காண், கான்ஃபிகர் செய்து சரிபார். ஒரு தலைப்பை எவ்வளவு ஆழம் படிக்க வேண்டும் என்பதை இந்த ஒற்றைச் சொல் சொல்லிவிடும். ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப்புக்கு 'கான்ஃபிகர் செய்து சரிபார்' என்று இருக்கிறது. அதாவது கட்டளை கைவிரலில் இருக்க வேண்டும், வெளியீட்டைப் பார்த்ததும் எது தவறு என்று பிடிபட வேண்டும். முதல் ஹாப் மாற்று ஏற்பாட்டு நெறிமுறைகளுக்கு 'விவரி' என்று மட்டுமே இருக்கிறது. ஒரு ரூட்டர் விழுந்தால் இன்னொன்று எப்படிப் பொறுப்பேற்கிறது என்று புரிந்தால் போதும், கட்டளைகளை உருப்போட வேண்டியதில்லை. ஆன்சிபிள், டெராஃபார்ம் பற்றிய வரி கேட்பது அவை என்ன செய்ய வல்லவை என்று அடையாளம் காணும் அறிவை மட்டும்தான். டெராஃபார்ம் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து நாற்பது மணி நேரப் பயிற்சி வகுப்பில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு அது என்றாவது உதவலாம். இந்தத் தேர்வுக்குத் தேவையில்லை.

வினைச்சொல்லுக்கு அப்புறம் எடை. 200-301ல் நெட்வொர்க் அடிப்படைகளுக்கு 20 சதவீதம், ஸ்விட்சும் வயர்லெஸும் அடங்கிய நெட்வொர்க் அணுகலுக்கு 20, ரூட்டிங் அடங்கிய ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15, தானியக்கத்துக்கு 10. எல்லோரும் பேசுகிற புதுமைகளில் பெரும்பகுதி அந்தக் கடைசி 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. அந்த 10 சதவீதத்திலும் அநேகமாக எல்லாமே விளக்கு, ஒப்பிடு, அடையாளம் காண் வகை. முதல் மூன்று பகுதிகளும் சேர்ந்தால் 65 சதவீதம். அங்கே தடுமாறுபவரை எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

அந்த 65 சதவீதம் ஏன் இவ்வளவு அசையாமல் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். ஐபி நான்காம் பதிப்பின் வரையறை 1981ல் வந்த ஆர்எஃப்சி 791 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவணம்). ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி 1982. கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கியது 1985. இன்று நாம் கணக்குப் போடும் வகுப்பற்ற முகவரி முறை 1993ல் வரையறை பெற்றது. வீட்டு ரூட்டரில் பார்க்கும் 192.168 என்ற தனியார் முகவரி வரம்பு 1996ன் ஆர்எஃப்சி 1918ல் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பை இன்றைய வடிவில் விவரிக்கும் ஆர்எஃப்சி 2328 வெளியான ஆண்டு 1998, சிசிஎன்ஏ பிறந்த அதே ஆண்டு. 'புதியது' என்று நாம் சொல்லும் ஐபி ஆறாம் பதிப்பின் முதல் வரையறையும் 1995 டிசம்பரில் வந்ததுதான். தேர்வு எண் எத்தனை முறை மாறினாலும், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட் என்ற தரவுத் துண்டு இந்த விதிகளின்படிதான் நகர்கிறது. உலகெங்கும் இயங்கும் கோடிக்கணக்கான சாதனங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதால் இவற்றை யாரும் சுலபமாக மாற்ற முடியாது.

உதாரணத்துக்கு, 192.168.10.77/26 என்று ஒரு முகவரி. இது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? /26 என்றால் 64 முகவரிகள் கொண்ட கட்டம். 0, 64, 128, 192 என்று கட்டங்கள் தொடங்கும். 77 விழுவது 64ல் தொடங்கும் கட்டத்தில். ஆக நெட்வொர்க் முகவரி 192.168.10.64, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 127ல் முடிவது, நடுவில் 65 முதல் 126 வரை 62 சாதனங்களுக்கு இடம். 2007ல் தேர்வு எழுதியவரும் இதைப் போட்டார், இன்று எழுதுபவரும் இதைத்தான் போடுகிறார். இதைப் பேனா எடுக்காமல் அரை நிமிடத்துக்குள் சொல்ல முடிகிறவருக்குத் தேர்வில் கிடைப்பது நேரம். 120 நிமிடத் தேர்வில் நேரம்தான் பலருக்குத் தட்டுப்பாடு, அதுவும் சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

தனியாகப் படிப்பவர் விட்டுவிடக் கூடாதது லேப், அதாவது கையால் செய்து பார்க்கும் பயிற்சி. இங்கே பதிப்பு மாற்றம் கிட்டத்தட்ட செல்லுபடியாகாது. சாதனங்களைக் கணினியிலேயே பாவனையாக இயக்கும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம், ஒரு கணக்கு தொடங்கினால் போதும். சிஸ்கோ மாடலிங் லேப்ஸிலும் ஐந்து சாதனங்கள் வரை இயக்கும் இலவச வகை இருக்கிறது. இதே வகைக் கருவிகளான ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் இன்னும் விரிவானவை, ஆனால் நிறுவிச் சரிசெய்யவே ஒரு வாரம் போய்விடும். முதல் சான்றிதழுக்கு பாக்கெட் டிரேசர் தாராளமாகப் போதும்.

லேப் என்றால் வீடியோவில் அடித்த கட்டளைகளைப் பார்த்து அப்படியே அடிப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் கை பழகும், மூளை பழகாது. சரியாக இயங்கும் நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுப்பதில் கற்பது அதிகம். இரண்டு ரூட்டரை ஈதர்நெட்டில் இணைத்து ஓஎஸ்பிஎஃப் ஓட விடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று அறிந்து அண்டையாகட்டும். பிறகு ஒன்றில் ஹலோ நேரத்தை, அதாவது ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளியை, வழக்கமான 10 வினாடியிலிருந்து 5ஆக மாற்றுங்கள். அண்டை உறவு அறுந்துபோகும். அதைச் சரிசெய்து, ஒரு பக்கம் ஏரியா எண்ணை மாற்றுங்கள். அப்புறம் சப்நெட் மாஸ்க்கை மாற்றுங்கள். மூன்றிலும் அண்டை மறைவதுதான் அறிகுறி, காரணம் மட்டும் வேறு வேறு. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பொருந்தாதபோது மட்டும் அறிகுறியே வேறாக இருக்கும். அண்டை தெரியும், ஆனால் தகவல் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இதைப் புத்தகத்தில் பட்டியலாகப் படித்தால் ஒரு வாரத்தில் மறக்கும். தானே கெடுத்து, அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தவருக்கு மறக்காது. ஒரு நண்பர் அல்லது தம்பி தங்கையிடம் கொடுத்து, எங்காவது ஒரு வரியை மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் இன்னும் நல்லது.

படிக்கும் பொருட்களுக்கு வருவோம். பதிப்பு மாறும் காலத்தில் சந்தையில் இரண்டும் கலந்து கிடைக்கும். பழைய பாடத்துக்குப் புது அட்டை போட்டு விற்பதும் நடக்கும். ஒரு வகுப்பு எந்தப் பதிப்புக்கானது என்று விளம்பரத்தைப் பார்க்காமல் பாடப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சிசிஎன்ஏ என்று போட்டு உள்ளே இஐஜிஆர்பிக்கு மூன்று மணி நேரம் இருந்தால் அது 2020க்கு முந்தியது. 1.0 பதிப்புக்கான நல்ல புத்தகம் ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதையே முடித்து, புதிதாகச் சேர்ந்த ஐந்தாறு தலைப்புகளை மட்டும் வேறு இடத்திலிருந்து படித்துக்கொள்ளலாம். ஆசிரியரையும் நடையையும் மாற்றுவதால் ஏற்படும் குழப்பம், விடுபட்ட தலைப்புகளால் ஏற்படும் குறையைவிட அதிகம்.

கசிந்த கேள்விகள் விஷயத்தில் எனக்கு ஒரே நிலைப்பாடு: தொடவே கூடாது. தேர்வுக்கு முன் கையொப்பமிடும் ஒப்பந்தத்தை அது மீறுகிறது, பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். அதோடு, பதிப்பு மாறும்போது முதலில் செல்லாக்காசாவதும் அதுதான். ஓஎஸ்பிஎஃப் புரிந்தவருக்குப் புதிய கேள்வி என்பது பழைய கேள்வியின் இன்னொரு முகம். விடையை மட்டும் அறிந்தவருக்கு அது அந்நிய மொழி. மேலும், முதல் வேலை நேர்காணலில் ஒரு ஸ்விட்சைக் காட்டி 'இந்த போர்ட் ஏன் பிளாக் ஆகியிருக்கிறது?' என்று கேட்டால் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

இனி தேதிக் கணக்கு. அறிவிப்பு வரும்போது பாடத்தில் பாதிக்கு மேல் முடித்திருந்து, கடைசி நாளுக்கு இரண்டு மூன்று மாதம் இருந்தால், பழைய தேர்வையே குறிவைக்கலாம். சான்றிதழ் செல்லும் காலம் தேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. கடைசி வாரத்தில் பழைய பதிப்பில் தேறியவருக்கும் அதே மூன்று ஆண்டுதான், மதிப்பில் குறைவு எதுவும் இல்லை. பாதிகூடத் தாண்டவில்லை என்றால் புதியதற்குப் போய்விடலாம். அப்போதும் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. சப்நெட்டிங், விலான், ரூட்டிங் எல்லாம் அங்கேயும் அப்படியே இருக்கிறது, அதைத் தொடர்ந்துகொண்டே இருக்கலாம். புதுத் தலைப்புகளைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அதற்குள் நல்ல பாடப் பொருட்களும் வந்திருக்கும்.

பழையதை எழுதுவதாக முடிவு செய்தால், கடைசி நாளுக்கு முந்தின வாரத்தில் தேதி வாங்காதீர்கள். எல்லோரும் அந்த வாரத்தைத்தான் பிடிப்பார்கள், இடம் கிடைப்பதே சிரமம். அதைவிட முக்கியம், தவறினால் மறுபடி எழுத இடைவெளி வேண்டும். சிஸ்கோ தேர்வில் தோற்றால் ஐந்து நாள் காத்திருந்துதான் மறுபடி எழுத முடியும். காம்ப்டியாவில் இரண்டாம் முயற்சிக்குக் காத்திருப்பு இல்லை, மூன்றாவதற்கு 14 நாள். ஆகவே முதல் முயற்சியைக் கடைசி நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பாவது வைத்துக்கொண்டால், எங்கே சறுக்கியது என்று பார்த்துப் படித்து இன்னொரு முறை எழுத மனமும் நாளும் இருக்கும். மதிப்பெண் தாளில் பகுதிவாரியாக எவ்வளவு எடுத்தோம் என்று வரும். அந்த இரண்டு வாரத்துக்கு அதுவே பாடத்திட்டம்.

பெயர்கள் இனியும் மாறும். 2020ல் எல்லாக் கிளைகளையும் வெட்டி ஒரே சிசிஎன்ஏவாக்கிய சிஸ்கோ, 2026 பிப்ரவரி 3 முதல் தானியக்கத்துக்கான டெவ்நெட் அசோசியேட் சான்றிதழை சிசிஎன்ஏ ஆட்டோமேஷன் என்றும், சைபர் பாதுகாப்புக்கான தன் அசோசியேட் சான்றிதழை சிசிஎன்ஏ சைபர்செக்யூரிட்டி என்றும் அழைப்பதாக 2025ல் அறிவித்தது. ஆக, சிசிஎன்ஏ மறுபடி ஒரு குடும்பப் பெயராகியிருக்கிறது. படிக்கத் தொடங்குபவர் பெயரோடு தேர்வு எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. சிசிஎன்ஏவின் 200-301 வேறு, சிசிஎன்ஏ ஆட்டோமேஷனின் 200-901 வேறு. தேறியவருக்கும் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இன்னொரு தேர்வு எழுதியோ, தொடர்கல்வியில் 30 புள்ளிகள் சேர்த்தோ சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலை இருக்கிறது. அந்தக் கடைசித் தேதியைத் தேறிய அன்றைக்கே நாட்காட்டியில் குறித்து வைத்துவிடுங்கள்.